வீசிங் என்று நினைத்தோம்



போன ஐப்பசியில் என் தம்பி ஐசியுவில் கிடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இப்போதுதான் அதைப் பற்றி எழுத மனம் வந்தது.

நிமோனியா முற்றி, வாய் வழியாக டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். பத்தாவது நாள் டாக்டர், "கழுத்தில் சின்னதாகத் துளை போட்டு டியூபை அங்கே மாற்றிவிடலாம்" என்றார். டிராக்கியாஸ்டமி. கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றவன் நான்தான். துளை போட்டால் பேச்சே போய்விடும் என்று வராந்தாவில் யாரோ சொன்னதை, முப்பது வருஷம் அறிவியல் நடத்திய நானும் நம்பினேன். தம்பி மனைவி "மாமா சொல்றபடி" என்றுவிட்டாள். 19 நாள் வாயிலேயே டியூப்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் நன்றாக இருந்தான். பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மூச்சை இழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம். வீசிங் என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். மூன்று வாரமாகியும் குறையவில்லை. கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே, "வென்டிலேட்டர்ல இருந்தாரா?" என்றார். கேமரா விட்டுப் பார்த்தால் மூச்சுக்குழாய் சுருங்கிப் போயிருந்தது.

வகுப்பில் படம் வரைந்தீர்களே, ஆங்கில 'சி' மாதிரி குருத்தெலும்பு வளையங்கள் அடுக்கிய குழாய், அதேதான். டியூபின் நுனிப்பக்கம் காற்று ஊதிய சின்ன பலூன் ஒன்று இருக்கும். அதன் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்குள் இருக்க வேண்டும். கூடினால் குழாயின் உள்தோலுக்கு ரத்தம் போகாது. புண்ணாகும். புண் ஆறும்போது தழும்பு இறுகி வழியை அடைக்கும். இது டியூப் எடுத்த அன்றே தெரியாது, பல வாரம் கழித்துத்தான் தெரியவரும்.

துளை போட்டாலும் ஆபத்து இருக்கிறது. ரத்தம் கசியலாம், சளி அடைக்கலாம், டியூப் நழுவலாம், அங்கேயும் சுருக்கம் வரலாம். நான் சம்மதித்திருந்தால் தம்பிக்கு இது வந்தே இருக்காது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. என் வருத்தம் வேறு. பயந்தேனே தவிர, ஒரு கேள்வி கேட்கவில்லை. டியூப் எத்தனை நாள் இருக்கும், பலூன் அழுத்தத்தை அளக்கிறீர்களா, வீட்டுக்குப் போனபின் எதைக் கவனிக்க வேண்டும்? ஒன்றும் கேட்கவில்லை. பில்லை மட்டும் மூன்று முறை சரிபார்த்தேன்!

இரண்டு முறை பலூன் வைத்து விரித்தார்கள், இரண்டு முறையும் திரும்பச் சுருங்கியது. பிறகு ஆபரேஷன். சுருங்கிய துண்டை வெட்டி எடுத்து முனைகளைச் சேர்த்துத் தைத்தார்கள். தையல் விட்டுப்போகலாம், குரல் நரம்பு அடிபடலாம் என்பதையெல்லாம் இந்தத் தடவை கேட்டு வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டோம். தலை நிமிர்ந்தால் தையல் இழுபடும் என்று தாடையை நெஞ்சோடு சேர்த்துத் தைத்து ஒரு வாரம் வைத்திருந்தார்கள். "கல்யாணப் பொண்ணு மாதிரி குனிஞ்சு கிடக்கேன் அண்ணே" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினான்.

உங்கள் வீட்டில் யாராவது வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வந்து, பிறகு மூச்சில் சத்தம் வந்தால், டாக்டரிடம் அதையே முதலில் சொல்லுங்கள். இன்ஹேலர் வாங்க அப்புறம் போகலாம்.

தம்பி இப்போது நடமாடுகிறான். குரல் கொஞ்சம் கரகரப்பு. டாக்டராகவும் நர்ஸாகவும் இருக்கும் என் பிள்ளைகள் இதில் தப்பு இருந்தால் கமெண்டில் திருத்துங்கள். உங்கள் நோட்டில் நான் போட்ட சிவப்பு மைக்குப் பதிலாக இருக்கட்டும்.