அகப்பட்டவன் எல்லாம் திருடனா?

அவிநாசிக்குப் பக்கத்தில் திருமுருகன்பூண்டி இருக்கிறது. திருப்பூர் போகிற வழி. அந்த ஊருக்கு ஒரு திருட்டுக் கதை உண்டு. பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னையும் பொருளையும் எடுத்துக்கொண்டு சுந்தரர் இந்த வழியாக வந்தார். வேடர்கள் மறித்தார்கள். எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். சுந்தரர் நேரே கோவிலுக்குப் போனார். சாமியிடமே முறையிட்டார். போன பொருள் அத்தனையும் திரும்பி வந்தது.

சரி, பறித்தது யார்? வேடர்களா?

இல்லை! வேடர்போல வேஷம் போட்டு வந்த சிவ கணங்கள் என்று கதை சொல்கிறது.

அன்று சுந்தரர் கண்ணில் பட்ட ஒரு வேடனைப் பிடித்து, மரத்தில் கட்டிவைத்து அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குற்றம் செய்யாத ஒருவனின் முதுகு பிளந்திருக்கும். போன பொருளும் வந்திருக்காது!

இது புராணக் கதை. இனி, நம் காலத்தில் நடந்த கதை ஒன்றைக் கேளுங்கள்.

கோவைக்காரரின் கதை

கோவையைச் சேர்ந்தவர் சந்திரகுமார். ஆட்டோ ஓட்டிப் பிழைத்தவர். இளம் வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, ஊர் ஊராகச் சுற்றினார். 1983-ம் ஆண்டில் ஆந்திராவில் உள்ள குண்டூரில் இருந்தார். கிடைத்த வேலையைச் செய்து வயிற்றைக் கழுவினார்.

அங்கே போலீசார் அவரையும் அவருடைய நண்பர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். "திருடியது நீங்கள்தான். ஒப்புக்கொள்ளுங்கள்" என்றார்கள்.

செய்யாத திருட்டை எப்படி ஒப்புக்கொள்வது?

அடித்தார்கள். நாள்கணக்கில் அடித்தார்கள். பிறகு ஜெயில். அது மாதக்கணக்கில் நீண்டது.

வெளியே வந்த சந்திரகுமார் ஊர் திரும்பினார். ஆட்டோ ஓட்டினார். ஆனால், பட்ட அடியை மறக்கவில்லை. உள்ளே நடந்ததை எல்லாம் எழுதினார். 'லாக்கப்' என்ற பெயரில் 2006-ல் அது புத்தகமாக வந்தது.

அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் வெற்றிமாறன் 'விசாரணை' என்ற சினிமாவை எடுத்தார். 2015-ல் இத்தாலி நாட்டின் வெனிஸ் நகரப் பட விழாவில் அது காட்டப்பட்டது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. ஆஸ்கார் பரிசுப் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதும் அந்தப் படமே. படத்தின் பின்பாதி வேறு கதை. முன்பாதிதான் சந்திரகுமாரின் கதை.

ஓர் ஆட்டோ டிரைவர் எழுதியது உலகத்தின் காதில் விழுந்தது. காரணம் என்ன? அடித்தவர் சொன்ன கதை அல்ல அது. அடிபட்டவர் சொன்ன கதை!

நாலு வரிச் செய்தி

திருட்டு, கொலை, கொள்ளை என்றால் நமக்குப் படிக்க ஆசை. டீக்கடையில் பேப்பரை விரித்தால், முதலில் கண் போவது அங்கேதான். இதில் தப்பில்லை. ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஆனால், அந்தச் செய்தியை யாருடைய கண்ணால் பார்க்கிறோம்?

"திருட்டு வழக்கில் வாலிபர்கள் கைது" என்று நாலு வரி வருகிறது. படிக்கிறோம். "நல்லா வேணும்" என்கிறோம். பக்கத்தைத் திருப்புகிறோம். கைது ஆனவுடனேயே அவன் திருடன் என்று நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்!

சந்திரகுமாரும் ஒரு நாள் அப்படி நாலு வரியில் அடங்கக்கூடிய ஆளாகத்தான் இருந்தார். அந்த நாலு வரிக்குப் பின்னால் இருந்த பசி, வலி, பயம், அவமானம் எல்லாம் அவர் எழுதிய பிறகுதான் வெளியே தெரிந்தது.

பிடிபட்டவர்கள் எல்லோரும் புத்தகம் எழுதுவது இல்லை. அதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

ஏன் அவரைப் பிடித்தார்கள்?

அவர் ஊருக்குப் புதியவர். பாஷை வேறு. "இவன் எங்கள் பையன்" என்று வந்து நிற்க உறவு இல்லை. வக்கீல் வைக்கக் கையில் காசு இல்லை.

கேட்க ஆள் இல்லாதவன்மேல் பழி போடுவது எளிது. உலகம் முழுவதும் இதுதான் வழக்கம். இதற்கு ஆந்திரா, தமிழ்நாடு என்ற வித்தியாசம் கிடையாது.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

அவிநாசி வட்டாரத்தில் பனியன் கம்பெனிகள் இருக்கின்றன. நூல் மில்கள் இருக்கின்றன. விசைத்தறிகள் இருக்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்கள் யார்? பீகார், ஒடிசா, ஜார்கண்ட், மேற்கு வங்காளம் என்று பல மாநிலங்களில் இருந்து வந்தவர்கள் நம் பிள்ளைகளோடு சேர்ந்து உழைக்கிறார்கள். ஒரே அறையில் பல பேர் தங்குகிறார்கள். மாதச் சம்பளத்தில் பாதியை ஊரில் இருக்கும் தாய்க்கு அனுப்புகிறவர்களும் உண்டு.

அன்று குண்டூரில் சந்திரகுமார் எப்படி நின்றாரோ, அப்படித்தான் இன்று இவர்கள் நம் ஊரில் நிற்கிறார்கள்!

லைன் வீட்டில் ஒரு செல்போன் காணாமல் போகிறது. கம்பெனியில் ஒரு பண்டல் துணி குறைகிறது. முதல் சந்தேகம் யார்மேல்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். "அந்த இந்திக்காரப் பையன்தான்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். பார்த்தவர் யாரும் இல்லை. சாட்சி இல்லை. ஆனால், நாலு பேர் தலை ஆட்டிவிடுகிறார்கள்.

நம்மீது விழுந்த பழி

பொய்ப் பழி எப்படிச் சுடும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாதது அல்ல.

2023-ம் ஆண்டு மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். "தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள், கொல்லுகிறார்கள்" என்று செல்போனில் படங்கள் பறந்தன. எங்கோ, எதற்கோ நடந்த சண்டைகளைப் படம் பிடித்து, இங்கே நடந்ததாகச் சொன்னார்கள். தொழிலாளிகள் பயந்தார்கள். பலர் ஊருக்கு ரெயில் ஏறினார்கள். பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தொழிலாளிகளிடம் நேரில் பேசினார்கள். வதந்தி பொய் என்று தெரிந்தது.

"நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல" என்று அன்று நாம் எவ்வளவு கோபத்தோடு சொன்னோம்! ஒரு மாநிலத்துக்கே அவ்வளவு வலித்தது. மொழி தெரியாத ஊரில் தனியாக நிற்கும் ஒரு பையனுக்கு எவ்வளவு வலிக்கும்?

நம் வீட்டுப் பிள்ளைக்கும்தான்

"இது வெளியூர்க்காரர்கள் பிரச்சினை" என்று யாரும் நினைக்க வேண்டாம்.

2025-ம் ஆண்டு ஜூன் மாதம். சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் உள்ள காளி கோவில். சாமி கும்பிட வந்த ஒருவர், காரில் வைத்திருந்த நகையைக் காணவில்லை என்று புகார் சொன்னார். கோவில் காவலாளியாக இருந்த வாலிபர்மேல் சந்தேகம். போலீசார் அவரை விசாரித்தார்கள். அந்த விசாரணையிலேயே அவர் இறந்துபோனார்! உடம்பில் 44 காயங்கள் இருந்ததாக ஐகோர்ட்டில் சொல்லப்பட்டது. ஐந்து போலீஸ்காரர்கள் கைது செய்யப்பட்டார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

அவர் வெளியூர்க்காரர் அல்ல. நம் தமிழ்ப் பிள்ளை. ஒரு தாய் பெற்ற பிள்ளை. ஒரு சந்தேகம் அவர் உயிரையே குடித்துவிட்டது.

அடித்ததை ஒருவர் மறைந்து நின்று படம் பிடித்தார். அதனால்தான் நாட்டுக்குத் தெரிந்தது. இங்கேயும் பார்த்தவர் சொன்னதுதான் உண்மையைக் காட்டியது.

போலீசார் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. 2020-ம் ஆண்டு ஜூன் மாதம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், போலீஸ் பிடித்துச் சென்ற ஜெயராஜ் என்ற வியாபாரியும் அவர் மகன் பென்னிக்சும் இறந்தார்கள். அன்று இரவு ஸ்டேஷனில் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் யார்? அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ரேவதி என்ற பெண் தலைமைக் காவலர்! கூட வேலை செய்தவர்களுக்கு எதிராக உண்மையைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! காக்கிச் சட்டைக்குப் பெருமை தேடித் தந்தவர் அவர்.

திருடனுக்கு வக்காலத்தா?

"பொருளைப் பறிகொடுத்தவன் வயிற்றெரிச்சல் உனக்குத் தெரியுமா?" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்வி. சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய நகை போனால் வயிறு எரியும். மகள் கல்யாணத்துக்கு வைத்த பணம் போனால் தூக்கம் போகும். திருடனைப் பிடிக்க வேண்டும். தண்டிக்க வேண்டும். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால், ஒன்றை யோசியுங்கள். குற்றம் செய்யாதவனை அடித்து ஒப்புக்கொள்ள வைத்தால், உண்மைத் திருடன் எங்கே இருப்பான்? ஊருக்குள் சுகமாகத் திரிவான். அடுத்த வீட்டுப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான்!

அடி தாங்காதவன் எதையும் ஒப்புக்கொள்வான். "நிலாவைத் திருடினேன்" என்றுகூடச் சொல்லுவான். அதனால்தான் போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலத்தை மட்டும் வைத்து ஒருவனைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலேயே இது இருந்தது. 2024-ல் வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது.

ஆகவே, அப்பாவியைக் காப்பாற்றுவது திருடனுக்கு உதவி அல்ல. பறிகொடுத்தவருக்கு உதவி!

தெரிந்துகொள்ளுங்கள்

கைது செய்யப்பட்ட எவரையும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது.

கைதான செய்தியை அவருடைய உறவினருக்கோ நண்பருக்கோ சொல்ல வேண்டும். 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதியாகச் சொன்னது.

எதற்காகக் கைது என்பதை அவருக்குப் புரிகிற மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். 2025-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இது. ஒடிசாப் பையனுக்குத் தமிழ்க் காகிதத்தை நீட்டினால் போதாது.

போலீஸ் ஸ்டேஷன்களில் கண்காணிப்பு கேமரா இருக்க வேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். உங்கள் கம்பெனியில் வேலை செய்யும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

பொருள் காணாமல் போனால் போலீசில் புகார் கொடுங்கள். ரசீது வாங்குங்கள். எப்போது பார்த்தீர்கள், எப்போது காணவில்லை, சாவி யாரிடம் இருந்தது என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைச் சொல்லாதீர்கள். "அவனாகத்தான் இருக்கும்" என்ற ஒரு சொல், ஒரு குடும்பத்தின் விளக்கை அணைத்துவிடும்.

ஒருவனைத் தூணில் கட்டி அடிப்பதும் குற்றமே. அதைப் படம் பிடித்துச் செல்போனில் அனுப்பி ரசிப்பது அதைவிடக் கேவலம். நாலு பேர் சேர்ந்து கை ஓங்கும்போது, "நில்லுங்கள், போலீசைக் கூப்பிடுவோம்" என்று சொல்ல ஒரு வாய் போதும். அந்த வாய் உங்களுடையதாக இருக்கட்டும்.

கம்பெனி முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரின் வீட்டு விலாசத்தையும் உறவினர் போன் எண்ணையும் எழுதி வையுங்கள். நாளை அவனுக்கு ஒரு கஷ்டம் வந்தால், "இவன் எங்கள் பையன்" என்று போய் நிற்க ஒரு ஆள் வேண்டும். உங்கள் தொழிலுக்காக வேர்வை சிந்துகிறவனுக்கு நீங்கள்தான் அந்த ஆள்!

அழுகுரல் கேட்ட வீடு

அவிநாசிக்கு இன்னொரு கதையும் உண்டு. எல்லோருக்கும் தெரிந்த கதை. சுந்தரர் இந்த ஊர்த் தெருவில் நடந்து வந்தார். ஒரு வீட்டில் மங்கல ஓசை. எதிர் வீட்டில் அழுகை. அவர் காரணம் கேட்டார். இரண்டு சிறுவர் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பி வந்த பையனுக்குப் பூணூல் கல்யாணம் நடக்கிறது. பறிகொடுத்த வீட்டில் அழுகிறார்கள் என்றார்கள். முதலை விழுங்கிய அந்தப் பிள்ளையைச் சுந்தரர் மீட்டுக் கொடுத்தார் என்பது ஐதீகம்.

அற்புதம் செய்ய நம்மால் முடியாது. ஆனால், அழுகிற வீட்டின் முன் நின்று "என்ன நடந்தது?" என்று கேட்க எல்லோராலும் முடியும்.

அடுத்த முறை "வாலிபர் கைது" என்ற செய்தியைப் படிக்கும்போது, ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்த வாலிபரின் தாய் எந்த ஊரில், எந்த மொழியில் அழுகிறாளோ என்று எண்ணுங்கள். கோர்ட்டு தீர்ப்புச் சொல்லட்டும். அதற்கு முன்னால் நாம் சொல்ல வேண்டாம்!