முகத்துவாரம் மீனவனுக்கு மட்டுமா?

சென்ற பருவத்தில் விலங்கியல் வகுப்பில் சால்மன் மீனைப் பற்றிப் படித்தோம். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன் அது. பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் மடிந்துவிடும். அலாஸ்காவில் கரடிகள் அவற்றைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் சென்று தின்னும். எஞ்சியது மட்கி மரங்களுக்கு உரமாகும். கடலிலிருந்து வந்த நைட்ரஜனை ஆற்றோர மரங்களில் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். வகுப்பே வியந்தது. எனக்கோ, இது எங்கள் ஊர்க் கதையாயிற்றே என்று தோன்றியது.

நான் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எங்கள் மடவை மீன் சால்மனுக்கு நேர்மாறு. வளர்வது ஏரியில், முட்டையிடப் போவது கடலுக்கு. அதன் குஞ்சுகளும், கடலில் பொரித்த இறால் குஞ்சுகளும் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வருகின்றன. அவற்றை நாங்கள் மட்டுமா பிடிக்கிறோம்? ஆந்திர எல்லைக்குள், சூளூர்ப்பேட்டைக்கு அருகே நேலபட்டுச் சரணாலயத்தில் கூடு கட்டும் கூழைக்கடாக்களும் எங்கள் ஏரியில்தான் இரை தேடுகின்றன. (பூநாரையைக் காணப் பேருந்து பேருந்தாக வருகிறார்கள், அது மீன் தின்னும் பறவையே அன்று!) கூழைக்கடாக்கள் விழுங்கிய மீனை நேலபட்டுக் குளத்து நீர்க்கடம்பு மரங்களில் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. எச்சம் கீழே நீரில் விழுகிறது. நைட்ரஜனும் பாஸ்பரசும் நிறைந்த அந்நீரின் அருமையை வேடந்தாங்கல் உழவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பறவைகளைக் காக்க அவர்கள் 1798-லேயே ஆங்கிலேய ஆட்சியிடம் உரிமை பெற்றவர்களாயிற்றே! எங்களுக்குக் கரடி இல்லை, கூழைக்கடா இருக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

இந்த வழி முழுவதும் ஒரு வாயை நம்பி நிற்கிறது. மணல் தள்ளி முகத்துவாரம் தூர்ந்துபோனால் குஞ்சு வராது, நீரும் வற்றி உப்பேறும். அப்படி ஓர் ஆண்டில், "வாய் அடைச்சுப் போச்சு, குஞ்சு எங்கேர்ந்து வரும்?" என்று அப்பா வலையைச் சுருட்டி வைத்துவிட்டுச் சென்னைக்குக் கூலி வேலைக்குப் போனார். என் விடுதிக் கட்டணம் அந்தக் கூலியில் வந்தது.

"நாலு மீனவக் குப்பத்துக்காக மணலை அள்ளி அள்ளிக் கொட்டணுமா?" என்று கேட்டான் விடுதி நண்பன் ஒருவன். உழவர் வீட்டுப் பிள்ளை. முகத்துவாரம் திறப்பதை மீனவனுக்குத் தரும் சலுகையாக எழுதும் கணக்கே பிழை என்பேன் நான். அந்தக் கணக்கில் கூழைக்கடாவையும் நீர்க்கடம்பையும் வயலையும் யாரும் சேர்ப்பதில்லை. அவன் இன்னும் ஒப்பவில்லை. தை விடுமுறையில் எங்கள் ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். நேலபட்டில் குஞ்சுகள் இருக்கும் காலம் அது; அங்கேதான் முதலில் அழைத்துப் போகப் போகிறேன்.