ஸ்டாப் வாட்ச் சொல்லாத சேதி!



4.22 விநாடி! இந்த நேரத்தில் நம்மால் என்ன செய்ய முடியும்? அதிகபட்சம் இரண்டு தும்மல் போடலாம். அமெரிக்காவில் ஜான் ராஸ் என்ற கல்லூரி வீரர் 2017-ல் இந்த நேரத்துக்குள் 40 கெஜம், அதாவது ஏறத்தாழ 36.6 மீட்டர் ஓடி முடித்தார். அன்றைக்கு அது சாதனை. உடனே சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே 9-வது ஆளாக எடுத்துக்கொண்டது.

சரி, முதல் சீசனில் அவர் பிடித்த பந்துகள் எத்தனை தெரியுமா? பூஜ்யம்!

விளையாட்டைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். இது காலால் உதைத்துக் கோல் போடும் ஃபுட்பால் இல்லீங்க. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிவார். ஓரமாக நின்று, பாய்ந்து ஓடி, அதைப் பிடிப்பவர் வைட் ரிசீவர். என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் 32 அணிகள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் வாக்கில் 'டிராஃப்ட்' நடத்தி, 7 சுற்றுகளில் சுமார் 250 கல்லூரி வீரர்களை வரிசையாக எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு பெரிய பரிசோதனை. ஓட்டம், தாண்டுதல், உயரம், எடை, ஏன், உள்ளங்கையின் அளவு வரை அளந்துவிடுவார்கள்!

இந்த விளையாட்டைச் செல்போனில் விடிய விடியப் பார்க்கிறவன் என்ற முறையில் என் தாழ்மையான கருத்து இதுதான். டிராஃப்டில் எடுக்கப்பட்ட ஒரு ரிசீவர் தேறுவாரா மாட்டாரா என்பதை ஸ்டாப் வாட்ச் சொல்லாது. எதிராளி மேலே விழும்போது அவர் என்ன செய்கிறார், எந்த அணிக்குப் போகிறார், இந்த இரண்டும்தான் சொல்லும். அதுவும் ஓரிரு சீசன் பொறுத்திருந்தால்தான்.

அதே 2017 டிராஃப்டில் கூப்பர் கப் என்று இன்னொருவர் இருந்தார். ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்ற, பெரிய பிரிவில் இல்லாத கல்லூரி. 40 கெஜத்துக்கு 4.62 விநாடி. "இவ்வளவு மெதுவா ஓடுறவன் நமக்கு எதுக்கு?" என்று அணிகள் தாண்டிப் போக, மூன்றாம் சுற்றில் 69-வது ஆளாகத்தான் ராம்ஸ் அணி அவரை எடுத்தது. முதல் சீசனிலேயே 62 பந்துகளைப் பிடித்தார். 2021-ல் 145 பந்துகள், 1,947 கெஜம், 16 டச் டவுன். மூன்றிலும் லீகில் முதலிடம்! 2022 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் ஆட்ட நாயகனும் அவரே.

ராஸோ பெங்கால்ஸில் 4 சீசனில் பிடித்தது மொத்தம் 51. காயங்களும் அவரைப் படுத்தி எடுத்தன. ஆகவே அவரை நான் குறை சொல்லவில்லை. அளந்த முறையைத்தான் சொல்கிறேன்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது சட்டென்று புரியும். லேபில் யூ.டி.எம். மிஷினில் ஸ்பெசிமனை மாட்டி ஒரே இழுப்பாக இழுத்துப் பார்க்கிறோம். ரீடிங் அருமையாக வருகிறது. ஆனா அதே இரும்பில் செய்த ஷாஃப்ட், லோடோடு லட்சக்கணக்கான முறை சுற்றும்போது விரிசல் விடுமா விடாதா? அதற்கு ஃபடீக் டெஸ்ட் என்று தனியாக ஒன்று வேண்டும் அல்லவா?

40 கெஜ ஓட்டமும் அந்த ஒரே இழுப்புதான். பந்து கிடையாது, கவசம் கிடையாது, எதிராளி கிடையாது, நேர்க்கோடு. ஆட்டத்திலோ முதல் 5 கெஜத்துக்குள் எதிராளி கை வைத்துத் தள்ளலாம், விதியே அனுமதிக்கிறது. அதைச் சமாளித்து, முழு வேகத்தில் ஓடுகிற மாதிரி போக்குக் காட்டி, சட்டென்று திரும்ப வேண்டும். திரும்பும்போதே பந்து முகத்துக்கு நேரே வந்துகொண்டிருக்கும்! கல்லூரி ஆட்டத்தில் எல்லைக்கோட்டுக்குள் ஒரு கால் பட்டாலே கேட்ச் செல்லும். என்.எஃப்.எல்.லில் இரண்டு காலும் பட வேண்டும். இந்த நுணுக்கத்தை எந்த வாட்ச் அளக்கும்?

அடுத்தது, போகிற இடம். கப் 2020-ல் எடுத்தது 974 கெஜம். மறு சீசனில் 1,947. ஒரே வருஷத்தில் கை மாறிவிட்டதா? இல்லை. எறிகிற கை மாறியது! டெட்ராய்ட்டிலிருந்து மேத்யூ ஸ்டாஃபோர்ட் புதிய குவார்ட்டர்பேக்காக வந்தார். ரிசீவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பந்தைச் சரியாக எறிய ஒருவர் வேண்டும்.

மூன்றாவது, பொறுமை. ஜெர்ரி ரைஸ் 1985-ல் 16-வது ஆளாக சான் பிரான்சிஸ்கோ அணிக்குப் போனார். அவருக்கு முன்பே இரண்டு ரிசீவர்கள் போய்விட்டார்கள். கொத்தனார் மகன், பெயர் தெரியாத சிறிய கல்லூரி. முதல் ஆண்டில் கைக்கு வந்த பந்துகளை நழுவவிட்டு, சொந்த ஊர் ரசிகர்களிடமே கூச்சல் வாங்கினார். அடுத்த ஆண்டே 1,570 கெஜம்! ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 22,895 கெஜம். முதல் ஆண்டைப் பார்த்து முத்திரை குத்தியிருந்தால்?

"அப்போ வேகமே வேண்டாமா? முதல் சுற்றில் போனவங்க யாரும் ஜெயிக்கலையா?" என்று கேட்பீர்கள். ஜெயித்தார்கள். 2004-ல் 3-வதாகப் போன லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு, 2007-ல் 2-வதாகப் போன கால்வின் ஜான்சன் எல்லாம் சாதாரண ஆட்களா? வேகம் நல்லதுதான். ஆனால் அது வாசல் சீட்டு மட்டுமே.

என் ஆதங்கம் வேறு. டிராஃப்ட் வரிசை என்பது வெறும் மரியாதை இல்லை, வாய்ப்பின் அளவு. முதல் சுற்றுக்காரர் பூஜ்யம் எடுத்தாலும் காத்திருப்பார்கள், பணம் போட்டாயிற்றே! கடைசிச் சுற்றுக்காரர் பயிற்சி முகாமில் நாலு பந்தை நழுவவிட்டால், சீசன் தொடங்குமுன் அணியை 53 பேராகக் குறைக்கும்போது பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 2023-ல் 20 முதல் 23 வரை வரிசையாக நான்கு ரிசீவர்கள் போனார்கள். புக்கா நகுவா போனது 177-வதாக. அந்த சீசனிலேயே 1,486 கெஜம் எடுத்து, புதுமுக வீரர்களின் சாதனையை முறியடித்தார். அவருக்கு ஆடக் களம் கிடைத்தது. கிடைக்காமலே வீடு திரும்பிய நகுவாக்கள் எத்தனை பேரோ!

ஆகவே நண்பர்களே, அடுத்த டிராஃப்ட் முடிந்ததும் "இவன் தேறுவான், அவன் தேறமாட்டான்" என்று ஹாஸ்டல் மெஸ்ஸில் பந்தயம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். மேலே ஆள் விழும்போது பிடித்தானா? எறிய ஆள் இருக்கிறதா? அவனுக்கு எத்தனை நாள் கொடுப்பார்கள்? மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு, வேண்டுமானால் வாட்சைப் பாருங்கள்!