விதைக்கும் கையேந்துவதா?

ஆடிப் பட்டம் வந்தால் விதைப் பொட்டல வியாபாரம் மும்முரமாகிவிடுகிறது. மாடியில் நான்கு தொட்டி வைத்திருப்போர் முதல் கொல்லையில் பாத்தி கட்டுவோர் வரை, கத்தரி, வெண்டை, தக்காளி விதைகளைப் பிரதி வருஷமும் விலை கொடுத்தே வாங்குகின்றனர். வீட்டுத் தோட்டத்தில் ஜனங்களுக்கு ஆர்வம் பெருகியிருப்பது குறித்து நாம் மகிழ்ச்சியடைகிறோம். ஆனால், சென்ற வருஷத்துச் செடியிலிருந்து விதையெடுக்காதவரைப் பாதித் தோட்டக்காரர் என்றே கருத வேண்டியிருக்கிறது.

விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், பிறருடன் மாற்றிக்கொள்ளவும் விவசாயிக்குள்ள உரிமையை 2001-ஆம் வருஷத்திய பயிர் ரகங்கள், விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவு ஒப்புக்கொள்கிறது. தொட்டி மண்ணும் நிலமாகுமா என்று வக்கீல்கள் வாதிக்கலாம்; அது கிடக்கட்டும். சட்டம் தந்ததைப் பொட்டலம் பறித்துவிடுகிறது என்பதே நமது கவலை. வீரிய ஒட்டு ரகம் மகசூல் மிகுதியாகத் தரக்கூடும். அதை நாம் மறுக்கவில்லை. எனினும் அதன் விதையை எடுத்து விதைத்தால் தாய்ச்செடியின் குணம் சீராக வருவதில்லை. ஆகவே, வாங்கியவர் மறு வருஷமும் கடை வாசலில் நிற்க வேண்டியவராகிறார். நாட்டு ரகங்களில் இந்த அடிமைத்தனம் இல்லை. வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பரம்பரையாக விதை எடுத்து வைத்தோர் இல்லாவிடில் குறியீடு பெறக் காய் ஏது?

வேலையும் பெரிதன்று. நோயில்லாத செடியில் நல்ல கத்தரிக்காய் ஒன்றிரண்டைப் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்க விடுக. பிசைந்து நீரில் இட்டால் முற்றிய விதை அடியில் தங்கும், சொத்தை மிதக்கும். தங்கியதை நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து வைக்கலாம். அவரையைச் செடியிலேயே காயவிட்டால் போதும். பூசணி விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வேறு ரகம் வளர்த்தால், தேனீ அதன் மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடும். மறுநாள் மலரவிருக்கும் ஆண் பூவையும் பெண் பூவையும் மாலையிலேயே நூலால் கட்டி, விடியற்காலையில் அவிழ்த்துக் கையால் சேர்த்து, பெண் பூவை மீண்டும் கட்டிவிட வேண்டும். நம் பாட்டிமார் பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அப்பி வைத்தனர். பட்டணத்தில் சாணத்துக்கு எங்கே போவது என்று கேட்போர் கண்ணாடிச் சீசாவை உபயோகிக்கட்டும்.

இந்த ஆடியில் விதைப்போர் நாட்டு விதையாகக் கேட்டு வாங்கி, ஒரு செடியையேனும் விதைக்கென்று ஒதுக்குமாறு வேண்டுகிறோம். தை மாதத்தில் மிஞ்சுவதை அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம்.