ஒரு வென்டிலேட்டருக்கு ஒரு செவிலியர்
தீவிர சிகிச்சைப் பிரிவுப் பணியாளர்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை, தனியார் மருத்துவமனை நிர்வாகங்கள், பொதுமக்கள்.

தமிழ்நாட்டின் அரசு, தனியார் மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர்கள், டெக்னீஷியன்கள், பிசியோதெரபிஸ்டுகள், பன்னோக்குப் பணியாளர்கள், தூய்மைப் பணியாளர்கள் ஆகிய நாங்கள் சேர்ந்து வைக்கும் கோரிக்கைகள் இவை.

இரவு ஷிப்டில் ஒரே செவிலியரிடம் மூன்று வென்டிலேட்டர் நோயாளிகளை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒருவருக்குக் குழாயில் சளி அடைத்து ஆக்ஸிஜன் அளவு இறங்குகிறது. உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும். பக்கத்துப் படுக்கையில், இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும் நார்அட்ரினலின் தீரப்போகிறது என்று பம்ப் அலறுகிறது. அடுத்த சிரிஞ்சை ஏற்றத் தாமதித்தால் சில நிமிடங்களில் அழுத்தம் சரிந்துவிடும். மூன்றாமவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், நேரம் தாண்டிவிட்டது. படுக்கைப்புண் அங்கேதான் தொடங்குகிறது. எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அந்தச் செவிலியருக்கு இரண்டு கைகள்தான்.

எனவே கோருகிறோம்:

1. ஆள் எண்ணிக்கை: தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர், விடுப்புக்கு ஈடாக மேலும் 30 சதவீதம் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் வரையறை. பத்துப் படுக்கை என்றால் மூன்று ஷிப்டுக்கு 30 பேர். விடுப்புக்கு 9 பேர். ஆக 39 பணியிடங்கள். பத்துப் படுக்கைக்குப் பத்துப் பேரைக் காட்டிக் கணக்கை முடிக்கக் கூடாது. இந்த எண்ணிக்கைக்கு அரசாணை வேண்டும். தனியார் மருத்துவமனைகளுக்கு, 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப் பதிவைப் புதுப்பிக்க இதை நிபந்தனையாக்க வேண்டும்.

2. பணி நிரந்தரம்: மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் நடத்திய தேர்வில் வென்ற செவிலியர்கள் மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டில் காலமுறை ஊதியம் என்ற உறுதி நிறைவேறாததால்தான் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரக) வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். தொகுப்பூதியம் பிறகு ரூ.18,000 வரை உயர்ந்தது, ஒரு பகுதியினர் நிரந்தரமானார்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். கொரோனா காலத்தில் சேர்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31உடன் முடித்துவைக்கப்பட்டது. தொற்றுக்கு அஞ்சி ஊர் வீட்டுக்குள் இருந்தபோது வார்டில் நின்றவர்கள் அவர்கள். அனைவருக்கும் காலமுறை ஊதியம் வழங்குக.

3. தனியார் துறை ஊதியம்: உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவுப்படி மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியமும், 50 படுக்கைக்குக் குறைந்தவற்றில்கூட ரூ.20,000க்குக் குறையாத ஊதியமும் தரப் பரிந்துரைத்தது. அதைச் சட்டமாக்குக.

4. பயிற்சி: புதிதாகச் சேர்ந்தவரைத் தனியாக வென்டிலேட்டர் படுக்கையில் நிறுத்தக் கூடாது. மூத்தவர் ஒருவர் உடனிருந்து பழக்கிய பிறகே பொறுப்பு ஒப்படைக்க வேண்டும். பழகித் தேர்ந்தவரைச் சுழற்சி என்ற பெயரில் வேறு வார்டுக்குத் தூக்கி அடிக்கக் கூடாது.

5. உடல்நலம்: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் உட்பட எல்லோருக்கும் இலவசமாகப் போடப்பட வேண்டும். ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அந்த மருந்து நள்ளிரவிலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

6. பாதுகாப்பு: மருத்துவப் பணியாளர்மீதான வன்முறையைத் தடுக்க 2008இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் பணியில் இருந்த மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டார். தாக்குதல் நடந்தால் புகாரை நிர்வாகமே கொடுக்க வேண்டும். அடிபட்டவரை ஸ்டேஷனுக்கு அலையவிடக் கூடாது. நோயாளியின் நிலையைத் தினமும் இரண்டு முறை மருத்துவர் உறவினரிடம் நேரில் சொல்ல வேண்டும். தகவல் தெரியாத தவிப்புதான் பெரும்பாலும் வாசலில் நிற்பவர்மேல் கோபமாகத் திரும்புகிறது.

7. அவுட்சோர்சிங் பணியாளர்: குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., வார விடுமுறை, 26 வார மகப்பேறு விடுப்பு ஆகியவை ஏஜென்சியின் தயவில் இருக்கக் கூடாது. மருத்துவமனையே பொறுப்பேற்க வேண்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் சட்டப்படி கட்டாயம். இரவு ஷிப்டிலும் அது திறந்திருக்க வேண்டும்.

8. வெளிப்படைத்தன்மை: இன்றைய நோயாளிகள் எத்தனை, வென்டிலேட்டரில் எத்தனை பேர், பணியில் உள்ள செவிலியர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு ஷிப்டிலும் வாசல் பலகையில் எழுதிவைக்க வேண்டும்.

எட்டாவது கோரிக்கைக்குப் பணம் தேவையில்லை. ஒரு பலகையும் மார்க்கரும் போதும். அதை நாளைக்கே தொடங்கலாம். மற்றவற்றுக்கு 90 நாட்களுக்குள் பேச்சுவார்த்தைக்கு அழையுங்கள். நோயாளியின் சிகிச்சை தடைபடும் எந்தப் போராட்டத்திலும் இறங்க மாட்டோம் என்று உறுதி கூறுகிறோம். அந்த உறுதியை எங்கள் பலவீனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொதுமக்களே, உங்கள் வீட்டவர் உள்ளே படுத்திருக்கும்போது, அந்தப் பலகை எங்கே என்று நீங்களும் கேளுங்கள்.