மூக்கும் ஒரு வாசல்தான்



அண்மையில் ஒருநாள் வகுப்பில் அறிவியல் பாடம் நடத்தும்போது, "மூக்கின் வேலை என்ன?" என்று கேட்டேன். "மூச்சு விடுவது", "வாசனை பார்ப்பது" என்று பிள்ளைகள் வரிசையாகச் சொன்னார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "எங்க தாத்தாவுக்குப் பொடி போடறதுக்கு, டீச்சர்!" என்றான். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவன் சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருப்பது புரிந்தது.

அந்தக் காலத்தில் இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போன பெரியவர்கள், ஒரு சிட்டிகை பொடி போட்டால் சோம்பல் போகும் என்பார்கள். பொடியிலுள்ள நிக்கோட்டின், மூக்கின் உள்தோல் வழியே இரத்தத்தில் கலந்து, சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும். கெட்ட பழக்கம்தான். ஆனாலும் அது நமக்கு ஒன்றைக் கற்றுத் தருகிறது. மூக்கு வெறும் காற்றுக் குழாய் அல்ல. உடம்புக்குள் போகும் வாசல்.

நாம் விழுங்கும் மாத்திரை வயிற்றில் கரைந்து, குடலைக் கடந்து, கல்லீரலுக்குப் போய், அங்கே ஒரு பகுதி வீணாகி, மீதிதான் உடம்புக்குக் கிடைக்கிறது. மூக்கின் உட்புறமோ மிக மெல்லியது. அடியில் இரத்தக் குழாய்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. அங்கே தெளிக்கும் மருந்து நேரே இரத்தத்தில் சேருகிறது. ஊசியும் வேண்டாம், விழுங்கவும் வேண்டாம்.

இதைக்கொண்டு இன்று மருத்துவர்கள் பல உயிர்களைக் காக்கிறார்கள். வலிப்பு வந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு வாயில் மருந்து கொடுக்க முடியுமா? மூக்கில் தெளிக்கும் மருந்து இப்போது இருக்கிறது. போதைப்பொருள் மிஞ்சி மூச்சு நின்றுபோகிறவரை மீட்கும் நலோக்சோன் என்னும் மருந்தையும் மூக்கில் தெளிக்கலாம். அமெரிக்காவில் இதற்கு 2015இல் அனுமதி கிடைத்தது. கொரோனாவுக்கு மூக்குவழித் தடுப்பு மருந்து ஒன்றை இந்தியாவில் ஐதராபாத்திலுள்ள பாரத் பயோடெக் நிறுவனம் தயாரித்தது. 2023 ஜனவரி 26ஆம் நாள் அது வெளியிடப்பட்டது. ஒரு துவாரத்துக்கு நான்கு சொட்டு, ஆக எட்டுச் சொட்டு, அவ்வளவுதான். கிருமி நுழையும் வாசலிலேயே காவல் வைப்பதுதான் அதன் நோக்கம்.

மூளையின் கதை இன்னும் வியப்பானது. இரத்தத்தில் வரும் எல்லாவற்றையும் மூளை உள்ளே விடாது. அங்கே இரத்தக் குழாய்களின் சுவர் மிக நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது. அதனால் பல நல்ல மருந்துகளும் வாசலோடு திரும்பிவிடுகின்றன. ஆனால் மூக்கின் உச்சியில், சல்லடை போன்ற ஓர் எலும்பின் துளைகள் வழியே, வாசனை நரம்புகள் நேராக மூளைக்குச் செல்கின்றன. அந்த வழியாக மருந்து அனுப்ப முடியுமா என்று விஞ்ஞானிகள் முயன்று வருகிறார்கள். மறதி நோய்க்கு இன்சுலினை மூக்கில் தெளித்துப் பார்த்தார்கள். 2020இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில் எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. முயற்சி இன்னும் நிற்கவில்லை.

வாசல் என்றால் விருந்தாளியும் வருவார், திருடனும் வருவான். கேரளாவில் 2024, 2025ஆம் ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கிய செய்தியைப் படித்திருப்பீர்கள். குளத்து நீரிலுள்ள அந்த நுண்ணுயிரைக் குடித்தால் அந்தக் காய்ச்சல் வருவதில்லை. மூக்கில் நீர் ஏறினால், அதே வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்குப் போய்விடுகிறது.

இனி, என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் மூத்த மகன் பிறந்து நாற்பது நாள் ஆனபோது, அம்மா அவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, வழக்கம்போல் மூக்கில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டார். "உன்னையும் இப்படித்தான் வளர்த்தேன்" என்றார். படித்த நானும் பேசாமல் இருந்துவிட்டேன். சில வாரங்களில் பிள்ளைக்கு இருமல், இளைப்பு. பால் குடிக்கவே திணறினான். அலோர் காஜாவில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் நெஞ்சைச் சோதித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "மூக்கில் எண்ணெய் விட்டீர்களா?" என்பதுதான். அம்மா தலைகுனிந்து நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை.

எண்ணெய் வழுக்கிக்கொண்டு போகும். தண்ணீரைப்போல் உடனே இருமலைக் கிளப்பாது. சத்தமில்லாமல் நுரையீரலில் இறங்கி, அங்கேயே தங்கிப் புண்ணாக்கிவிடும். இதை ஒருவகை நிமோனியா என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். என் மகன் பிழைத்தான். இன்று என்னைவிட உயரமாக வளர்ந்து நிற்கிறான். எல்லா வீட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

நம் பாட்டிமார்மேல் குற்றமில்லை. அவர்களும் அன்பினால்தான் செய்தார்கள். சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் நசியம் என்னும் முறை உண்டு. ஆனால் அதைத் தேர்ந்த வைத்தியர் ஆளைப் பார்த்து, அளவு பார்த்துச் செய்வார். பச்சைக் குழந்தைக்கு நாமாகச் செய்வதா நசியம்?

ஆகவே தாய்மார்களே, குழந்தையின் மூக்கில் எந்த எண்ணெயும் விடாதீர்கள். கற்பூரமும் மெந்தாலும் சேர்ந்த தைலத்தை அதன் மூக்கருகே தடவாதீர்கள். மூக்கடைத்தால் கிளினிக்கில் கேட்டு, சுத்தமான உப்புநீர்ச் சொட்டு வாங்கி விடுங்கள். பெரியவர்கள் கடையில் வாங்கும் மூக்கடைப்பு மருந்தை ஐந்து நாளுக்குமேல் தொடர்ந்து அடித்தால், அடைப்பு முன்னைவிட மோசமாகும். ஒருவருடைய புட்டியை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. டாக்டர் தெளிப்பு மருந்து கொடுத்தால், தலையைச் சற்றுக் குனிந்து, முனையை நடுச்சுவர்ப் பக்கம் காட்டாமல் காதுப் பக்கமாகச் சாய்த்து, மெதுவாக உறிஞ்சுங்கள்.

வீட்டு வாசலைத் தட்டுவது யாரென்று பார்த்துத்தானே கதவைத் திறக்கிறோம்? பேசத் தெரியாத பிள்ளையின் மூக்கு வாசலுக்கு நாம்தான் காவல்.

அடுத்த இதழில் சந்திப்போம்.