தங்கவயல் செத்த ஊரா, ஆளப்படாத ஊரா?

கோலார் தங்கவயலைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே படத்துடன் தொடங்குகின்றன. துருவேறிய ஷாஃப்ட் கோபுரம், பின்னணியில் சயனைடு மேடு, அடியில் 'பேய் நகரம்' என்னும் தலைப்பு. 2018-இல் கன்னடத் திரைப்படமும் 2024-இல் 'தங்கலா'னும் வெளிவந்தபின் இப்படத்திற்குக் கிராக்கி கூடியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இராபர்ட்சன்பேட்டை நகரசபையின் மக்கள்தொகை 1,62,000-க்கும் மேல். ஒன்றரை இலட்சம் பேர் சமைத்து உண்டு, வரி கட்டி, வாக்களித்து வாழும் ஊரைப் பேய் நகரம் என்று அழைப்பது யாருக்கு வசதி என்பதை ஆய்வுலகம் கேட்பதே இல்லை. செத்த ஊருக்கு வடிகால் தேவையில்லை, வளர்ச்சித் திட்டமும் தேவையில்லை.

வழக்கமான விளக்கம் எல்லோருக்கும் மனப்பாடம். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது, வேலை போயிற்று, வருவாய் வற்றியது, குப்பை தேங்கியது. இவ்விளக்கம் பாதி உண்மை. ஒரு காலத்தில் 30,000-க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்த சுரங்கங்களில் மூடுவிழா நாளில் எஞ்சியிருந்தோர் 4,000-க்கும் குறைவு. வீழ்ச்சி ஒரே நாளில் நிகழவில்லை. அரை நூற்றாண்டாக நிகழ்ந்தது. 1880-இல் வந்த ஜான் டெய்லர் கம்பெனி, 1956-இல் மைசூர் அரசு, 1962-இல் ஒன்றிய அரசு, 1972-இல் பொதுத்துறை நிறுவனம் என உடைமையாளர் மாறிக்கொண்டே வந்தனர். தாதுவின் தரம் குறைவதும் ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டுவதும் ஒவ்வொருவருக்கும் தெரிந்தே இருந்தது. சுரங்கத்திற்குப் பின் இம்மக்கள் எதைக்கொண்டு பிழைப்பர் என்பதற்கான திட்டத்தை அவர்களுள் எவரும் விட்டுச்செல்லவில்லை.

1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் தங்கவயலுக்கு வந்த கதையைச் சொல்லாத பாடநூல் அரிது. அந்த மின்சாரம் எந்திரத்திற்காக வந்தது, தொழிலாளர் லைன் வீடுகளுக்காக வந்ததன்று. குழாய், சாலை, மருத்துவமனை, கழிப்பிடம் அனைத்தும் கம்பெனியின் கருணைக்குட்பட்டவை. குடிமக்களின் உரிமையாக வரவேண்டியதைக் கம்பெனி சலுகையாகக் கொடுத்தது. கம்பெனி போனதும் சலுகையும் போயிற்று, உரிமை மட்டும் அவ்விடத்தில் வந்து அமரவில்லை.

அது ஏன் வரவில்லை என்பதற்கு விடை நிலத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 12,000 ஏக்கர் இன்றும் மூடப்பட்ட நிறுவனத்தின் பெயரில் கிடக்கிறது. சாம்பியன் ரீஃபிலும் மாரிகுப்பத்திலும் வாழ்வோரின் வாக்கு நகரசபைக்கு, காலடி மண் பி.ஜி.எம்.எல்.லுக்கு. ஒரு வார்டு உறுப்பினர் தம் தெருவுக்குச் சாக்கடை கேட்டால், நிலம் நம்முடையதன்று என்ற பதில் ஆயத்தமாக நிற்கிறது. நிறுவனத்திடம் சென்றால் அதிகாரம் தில்லியில், சுரங்க அமைச்சகத்தில். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டிற்குப் பட்டா இல்லாத குடும்பங்கள் இந்த இரண்டு வாசல்களுக்கும் இடையே கால் நூற்றாண்டாக நடக்கின்றன.

இந்நிலையில், நகரசபைக் கூட்டங்களில் வாசிக்கப்படும் முன்னேற்றப் பட்டியலை எப்படிப் படிப்பது? தெருவிளக்கு, காங்கிரீட் சாலை, பூங்கா, குப்பை வண்டி. இவை வேண்டாம் என எவரும் சொல்லார். ஆனால் 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கென வகுத்த பன்னிரண்டாம் அட்டவணையின் முதல் இனம் நகரத் திட்டமிடல். 1993 முதல் நடைமுறையில் உள்ள அந்த ஏற்பாட்டை மீறி, தங்கவயலில் திட்டமிடல் நகர வளர்ச்சி ஆணையத்திடமும், நிலம் சுரங்க நிறுவனத்திடமும், பணம் மாநில அரசிடமும் இருக்கின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட சபையிடம் எஞ்சியிருப்பது துடைப்பம்.

அந்தத் துடைப்பத்தின் வரலாறும் சாதாரணமானதன்று. நூற்றுக்கணக்கான டன் தங்கம் எடுத்த சுரங்கத்தின் குடியிருப்புகளில் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை உலர் கழிப்பிடங்களே இருந்தன. மனிதர் கையால் மலம் அள்ளினர். அவ்வாறு அள்ளிய குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சன், 1993 தடைச்சட்டம் வந்தபின்னும் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் நிலத்திலேயே சட்டம் மீறப்படுவதை ஆவணப்படுத்தி அம்பலப்படுத்தினார். அந்தப் போராட்டம் சஃபாய் கர்மசாரி ஆந்தோலனாக நாடெங்கும் பரவியது; 2016-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. விருதுக்கு முன், 2011-இலும், தங்கவயலில் மலக்குழியில் இறங்கிய தொழிலாளர்கள் மடிந்தனர். சுகாதாரம் யார் பொறுப்பு என்பது தெளிவற்று விடப்பட்ட ஊரில் அந்தத் தெளிவின்மைக்கு விலை கொடுப்பவர் எந்தச் சாதியினர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வெளியார் கண்ணுக்கும் தங்கவயல் ஒரு குழியாகவே தென்படுகிறது. 2012-இல் மாவள்ளிபுராக் குப்பைக்கிடங்கு மூடப்பட்டுப் பெங்களூரு நாறியபோது, அந்நகரின் குப்பையைக் கைவிடப்பட்ட சுரங்க நிலத்தில் கொட்டலாம் என்ற யோசனை பேசப்பட்டது, மக்கள் எதிர்த்தனர். 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்குப் பெங்களூருவின் சுத்திகரித்த கழிவுநீர் வருகிறது. எதிர்த்திசையில் தங்கவயல் அனுப்புவது மனிதர்களை: விடியுமுன் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, பெங்களூருவில் உழைத்து இரவில் திரும்புகின்றனர். வேலைவாய்ப்பு எனும் தலைப்பில் நகரசபை காட்டத்தக்க மிகப் பெரிய சாதனை இந்த ரயில்தான், அதுவும் நகரசபையுடையதன்று.

தொழிற்பூங்கா வந்தால் எல்லாம் மாறும் என்கின்றனர். வரட்டும். ஆனால் 243-கியூ உறுப்பின் விதிவிலக்கைப் படித்துவிட்டு வரவேற்பது நல்லது. ஒரு தொழில் நிறுவனம் நகராட்சிச் சேவைகளைத் தானே வழங்குமானால், அப்பகுதியைத் தொழில் நகரியமாக அறிவித்து நகராட்சி இல்லாமலே நடத்த அது இடம் தருகிறது. பெங்களூருவின் எலெக்ட்ரானிக் சிட்டி 2013-இல் அவ்வழியே தனி ஆணையமாயிற்று. சுரங்க நிலம் அதே வழியில் பிரிக்கப்பட்டால், ஜான் டெய்லர் காலத்து ஏற்பாடு புதிய பெயர்ப்பலகையுடன் திரும்பி வரும். வரி தரக்கூடிய பகுதி வேலிக்குள்ளும், வரி தர இயலாத லைன் வீடுகள் வேலிக்கு வெளியிலும் நிற்கும்.

அரசு நிறுவனத்திடம் வரி கேட்க முடியாது என்பதும் சாக்கே. ஒன்றியத்தின் சொத்துக்கு 285-ஆம் உறுப்பு தரும் விலக்கு, தனிச் சட்ட ஆளுமை கொண்ட அரசு நிறுவனத்திற்குப் பொருந்தாது என்பதை, கோர்பா நிலக்கரிப் பகுதி பற்றிய வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்புக்கு நாற்பதாண்டு ஆகிறது.

நகரசபையே கட்சிப் பூசலிலும் ஒப்பந்தக் கமிஷனிலும் மூழ்கியது, அதற்கு அதிகாரம் தருவது வீண் என்பது அறிவாளர் மறுப்பு. பூசல் உண்டு, அதை மறைப்பதால் பயனில்லை. சாலை ஒப்பந்தத்தைத் தவிர முடிவெடுக்க எதுவுமில்லாத சபையில் வேறு எதைப் பற்றிப் பூசலிடுவர்? கைரேகைப் பதிவுக்கு எதிராக 1930-இல் சங்கமின்றியே மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. பௌத்த சங்கங்களையும் பள்ளிகளையும் பத்திரிகையையும் தம் கூலியில் நடத்தியவர்களின் பேரர்களுக்குத் தன்னாட்சி கற்றுத்தர வேண்டியதில்லை. அயோத்திதாசர் மரபையும் 'தமிழன்' இதழையும் தேடித் தங்கவயலுக்கு வரும் ஆய்வாளர்கள், அந்த மரபினர் இன்று எந்தச் சாக்கடையோரம் வாழ்கின்றனர் என்பதைக் களக்குறிப்பேட்டில் எழுதாமல் திரும்புவது விந்தை.

இப்போது அவசரம் வந்திருக்கிறது. 13 கழிவுமணல் மேடுகளில், ஏறத்தாழ 1,003 ஏக்கரில், மூன்று கோடி டன்னுக்கும் மேலான மணலிலிருந்து எஞ்சிய தங்கத்தைப் பிரிக்கும் ஒன்றிய அரசின் முன்மொழிவுக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. ஜோகானஸ்பர்க்கில் இத்தகைய மேடுகள் பல ஆண்டுகளாகக் கரைத்தெடுக்கப்படுகின்றன, தொழில்நுட்பம் புதிதன்று. காற்றுக்காலத்தில் இம்மேடுகளின் தூசு வீட்டிற்குள் படிவதைச் சகித்தவர்கள் தங்கவயல் மக்கள். மேடுகளைக் கிளறும்போது எழும் தூசை யார் அளப்பர், அளவு எந்த வார்டு அலுவலகத்தில் ஒட்டப்படும்? சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோருக்கென 2015 சட்டத்திருத்தம் உருவாக்கிய மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு இம்மணலிலிருந்து என்ன பங்கு, அதில் தங்கவயலுக்கு என்ன பங்கு? மேடு அகன்றபின் வெளிப்படும் நிலம் நகரசபைக்கா, தொழிற்பூங்காவுக்கா, பட்டா இல்லாதோருக்கா? ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் நகரசபை சிறப்புக் கூட்டம் கூட்டி இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றித் தில்லிக்கும் பெங்களூருவுக்கும் அனுப்ப வேண்டும். கையெழுத்தானபின் அனுப்பும் தீர்மானம் கோப்பில்தான் சேரும்.